பத்துப் பந்தில் நின்ற டெஸ்ட்: மைதானத்தை வெளிநாட்டுக்காரர் போட்டால் தவறா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. 2007 உலகக் கோப்பைக்காக வெஸ்ட் இண்டீஸ் தீவுகளில் சில மைதானங்களைச் சீனா கட்டிக் கொடுத்தது. அதில் ஒன்றான ஆன்டிகுவா மைதானத்தில் 2009-இல் ஒரு டெஸ்ட் 10 பந்தோடு நின்றது. ஒரு நாட்டின் மானத்தைச் சுமக்கிற மைதானத்தை வெளிநாட்டு ஒப்பந்ததாரர் கையில் கொடுத்ததால் வந்த வினைதானே இது, உள்ளூர்க்காரர்கள் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் முதல் பாதி மண்ணும் தண்ணீரும் சம்பந்தப்பட்டது, அதற்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. இரண்டாவது பாதி, ஒரு மைதானம் எப்போது 'நம்முடையது' ஆகிறது என்பது. அதற்கு நான் சொல்வது என் கருத்துதான், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவில் இன்ஜினியர். 23 வருஷமாக விளையாட்டு மைதானங்களுக்கு மண் வேலையும் வடிகால் வேலையும் பார்க்கிறேன், பெரும்பாலும் நம் தென் மாவட்டங்களில், கல்லூரி மைதானங்கள், கிளப் மைதானங்கள். கரீபியனில் வேலை பார்த்ததில்லை. அங்கே நடந்ததைப் படித்தும் ஒளிபரப்பில் பார்த்தும்தான் பேசுகிறேன். ஆனால் மணல் எங்கே இருந்தாலும் மணல்தான், அது எப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியும்.

2009 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. ஆன்டிகுவாவின் நார்த் சவுண்டில் உள்ள சர் விவியன் ரிச்சர்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டாவது டெஸ்ட். ஜமைக்காவில் நடந்த முதல் டெஸ்ட்டில் இங்கிலாந்தை 51 ரன்னுக்குச் சுருட்டிய தெம்போடு வெஸ்ட் இண்டீஸ் வந்திருந்தது. ஃபிடல் எட்வர்ட்ஸும் ஜெரோம் டெய்லரும் ஓடி வருகிறார்கள், கால் மணலில் புதைகிறது, ஓட்டம் தடுமாறுகிறது. 10 பந்துதான். பந்துவீச்சாளருக்கு ஆபத்து என்று நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள், பிறகு கைவிட்டார்கள். அந்த மைதானத்துக்குச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) 12 மாதம் தடை விதித்தது. உலகமே பார்த்த அவமானம், அதுவும் விவியன் ரிச்சர்ட்ஸ் பெயர் தாங்கிய இடத்தில். அன்றைக்கு டிவியில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மணல் போட்டு வேலை செய்கிற எவனுக்கும் அது தன் மைதானமாகத்தான் தெரிந்திருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அன்று பிரச்சினை தந்தது பிட்ச் அல்ல. 22 கஜம் நீளமுள்ள அந்தக் களிமண் பட்டையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. கெட்டது அவுட்ஃபீல்டும் (பிட்ச்சைச் சுற்றியுள்ள புல்தரை) பந்துவீச்சாளர் ஓடி வரும் பாதையும். மழைத் தண்ணீர் நின்று தொல்லை கொடுத்ததால், வடிகால் சரியாக வேண்டும் என்று அவுட்ஃபீல்டைப் பின்னால் மறுபடி போட்டார்கள், மணல் போட்டு. அதாவது 2007-இல் சீனா கட்டிக் கொடுத்தபோது இருந்த மேற்பரப்பு 2009-இல் இல்லை. நடுவில் 2008-இல் ஆஸ்திரேலியா அங்கே ஒரு டெஸ்ட்டை முழுதாக ஆடிவிட்டும் போயிருந்தது. இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் 'சீனாக்காரன் போட்ட மைதானம் 10 பந்தில் போச்சு' என்ற பேச்சு நிற்காது. ஸ்டாண்டு கட்டியது சீனா, அன்று கால் புதைந்த அந்த மணல் வந்தது அதற்குப் பிறகு.

மணலை ஏன் போடுகிறோம்? தண்ணீர் இறங்கத்தான். நல்ல அவுட்ஃபீல்டை வெட்டிப் பார்த்தால் மேலே சுமார் 300 மில்லிமீட்டருக்கு மணல் அதிகமான மண், கீழே சுமார் 100 மில்லிமீட்டர் ஜல்லி, அதற்குள் துளைபோட்ட குழாய்கள் ஓடும். மழை கொட்டினால் அரை மணி, ஒரு மணியில் ஆட்டத்தைத் தொடங்கலாம். இதற்கு ஒரு விலை இருக்கிறது. களிமண்ணுக்குத் தானாகவே ஒட்டும் குணம் உண்டு, மணலுக்குக் கிடையாது. மெரினாவில் நடந்தவர்களுக்கு இது தெரியும், காய்ந்த மணலில் கால் போய்க்கொண்டே இருக்கும், அலை தொட்டுவிட்டுப் போன ஈர மணலில் சைக்கிளே ஓட்டலாம். மைதானத்தில் மணலைப் பிடித்து வைப்பவை மூன்று. ஒன்று மணலின் உருவம்: உருண்டையான, எல்லாம் ஒரே அளவான மணல் நழுவும், கோணல்மாணலான, பல அளவு கலந்த மணல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இரண்டு, ஈரம். மூன்றாவது, இவை இரண்டையும் விடப் பெரியது, வேர். வேகப்பந்து வீச்சாளர் ஓடி வரும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைவிட அதிகமான பாரம் தரையில் இறங்குகிறது, அதோடு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைப் பெரும்பாலும் தாங்குவது வேர்வலைதான்.

வெப்ப நாடுகளில் மைதானத்துக்குப் போடும் பெர்முடா புல் வேறெதுவும் இல்லை, நம்ம ஊர் அருகம்புல்லின் இனம்தான். கல்யாணத்தில் 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரைத்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆனால் அருகுகூட ஒரு ராத்திரியில் வேரோடாது. புதிதாகப் போட்ட மணலில் அது கீழே இறங்கி, பக்கவாட்டில் பின்னி, ஆள் ஓடினால் தாங்கும் நிலைக்கு வர நல்ல வெயிலிலும் சரியான தண்ணீரிலும் 2, 3 மாதமாவது வேண்டும். சர்வதேசப் பந்துவீச்சைத் தாங்க அதற்கு மேலும் வேண்டும். மேலே பச்சையாகத் தெரிவதை நம்பக்கூடாது. நான் எப்போதும் ஒரு கத்தியால் சதுரமாக வெட்டித் தூக்கிப் பார்ப்பேன், அடியில் மணல் உதிர்ந்து விழுந்தால் மைதானம் தயாராகவில்லை, கட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தால் தயார். நார்த் சவுண்டில் அன்று தெரிந்தது முதல் வகை. சரியான மணல்கூடப் போதிய காலம் கொடுக்காமல் போட்டால் கடற்கரைதான். எந்த நாட்டு ஒப்பந்ததாரர் போட்டாலும் இது மாறாது.

உள்ளூர்க்காரர் போட்டால் ஆகியிருக்காது என்ற வாதத்துக்கு நேர் எதிரான உதாரணம் அதே வெஸ்ட் இண்டீஸில் இருக்கிறது. 1998 ஜனவரி 29, ஜமைக்காவின் சபீனா பார்க். எதிரணி அப்போதும் இங்கிலாந்துதான். சில மாதங்களுக்கு முன்பு புதிதாக மண் போட்ட பிட்ச், வெளிநாட்டு உதவித் திட்டம் எதுவும் இல்லை, தீவின் சொந்த மைதானம், சொந்த வேலை. ஆம்ப்ரோஸும் வால்ஷும் வீசினார்கள், ஒரே இடத்தில் குத்திய பந்துகளில் ஒன்று முகத்துக்கு எழும்பியது, அடுத்தது கணுக்காலுக்குக் கீழே உருண்டது. அடி வாங்கிய பேட்ஸ்மேன்களுக்கு மருந்து போட ஆள் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தார். 56 நிமிடம், 10.1 ஓவர், 3 விக்கெட்டுக்கு 17 ரன், அதோடு ஆட்டம் கைவிடப்பட்டது. பிட்ச் ஆபத்தானது என்பதற்காக ஒரு டெஸ்ட் கைவிடப்பட்டது அதுதான் முதல் முறை. ஜமைக்காவில் கெட்டது களிமண், ஆன்டிகுவாவில் கெட்டது மணல், இரண்டுக்கும் பொதுவாக இருந்தது புதிதாகப் போட்ட மேற்பரப்பு இறுகுவதற்குள் பெரிய ஆட்டத்தை வைத்ததுதான். பாஸ்போர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

என் கண்ணெதிரே நடந்த இரண்டைச் சொல்கிறேன். ஒரு கல்லூரி மைதானம். அதே தாலுகாவைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் எடுத்திருந்தார், நல்ல மனிதர், கேலரி, காம்பவுண்டு சுவர் எல்லாம் இன்றைக்கும் கல்லு மாதிரி நிற்கிறது. மைதானத்துக்கு மட்டும் பக்கத்துக் கண்மாயிலிருந்து கரம்பை (களி மிகுந்த வண்டல் மண்) அள்ளி வந்து ஒன்றரை அடிக்கு நிரப்பிவிட்டார். நம்ம மண்ணு சார், புல்லு பிச்சுக்கிட்டு வளரும் என்றார். வளரத்தான் செய்தது. ஐப்பசி மழையில் நாலு நாள் முழங்கால் சேறு, பங்குனி வெயிலில் விரல் நுழையும் வெடிப்பு. பயிருக்கு உயிரான மண் ஓடுகிற காலுக்கு ஆகவில்லை. அவர் கட்டடக்காரர், மைதானக்காரர் இல்லை, அந்த வித்தியாசம் டெண்டரில் எங்கேயும் எழுதப்படவில்லை.

இன்னொன்று, வெளியூரிலிருந்து நிபுணர் ஒருவர் வந்து போட்டது, அந்த வேலையில் நானும் இருந்தேன். வரைபடம் அருமை, மணல் அருமை, தண்ணீர் தெளிக்கத் தானியங்கிக் கருவி. திறப்பு விழாவில் தரை பச்சைக் கம்பளம் மாதிரி இருந்தது. அவர் கிளம்பிப் போன பிறகு அந்தத் தானியங்கியை எப்படித் திருப்பி வைப்பது என்று மைதானத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சித்திரையில் 9 நாள் தண்ணீர் நின்றது, புல் வேரோடு காய்ந்தது, மணல் பொலபொலவென்று ஆகிவிட்டது. அந்தப் பெரியவர்மேல் பழி போட்டார்கள். நான் அவருக்காகப் பேசினேன், இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது. கட்டும்போது அவரை ஒருநாள்கூட யாரும் கூப்பிட்டு நிறுத்தி, கீழே என்ன போகிறது பாருங்க ஐயா என்று காட்டவில்லை.

அப்புறம், 'ஏன் சீனாவைத் தேர்ந்தெடுத்தார்கள்' என்று கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் அந்தத் தீவுகளில் பலவற்றில் ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும் கட்டமே வரவில்லை. சீன மக்கள் குடியரசை அங்கீகரிப்பதா, தைவானை அங்கீகரிப்பதா என்று ஒவ்வொரு சின்ன நாடும் ஒரு முடிவு எடுத்தது, மைதானம் அந்த முடிவோடு கூடவே வந்தது. உதவிப் பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறதோ அந்த நாட்டு நிறுவனம், அந்த நாட்டுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பொருட்களும் அங்கிருந்தே. ஆன்டிகுவா சீனாவோடு இருந்தது. செயின்ட் கிட்ஸ் தைவானோடு இருந்தது, அங்கே வார்னர் பார்க்கை எழுப்ப தைவான் பணம் கொடுத்தது. 2007 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் ஹெர்ஷல் கிப்ஸ் ஒரே ஓவரில் 6 சிக்சர் அடித்தது அந்த மைதானத்தில்தான். டொமினிகா 2004-இல் தைவானை விட்டுச் சீனா பக்கம் வந்தது, வின்ட்சர் பார்க் மைதானம் எழுந்தது. அங்கே முதல் டெஸ்ட் 2011-இல் இந்தியாவுக்கு எதிராக நடந்தது.

கிரெனடாவின் கதையை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அந்தத் தீவை அடித்துப் போட்டது, வீடுகளில் பெரும்பகுதி சேதம், செயின்ட் ஜார்ஜஸ் நகரில் இருந்த தேசிய மைதானமும் நொறுங்கியது. உலகக் கோப்பைக்கு இரண்டரை வருஷம்தான் பாக்கி. அதுவரை தைவானோடு இருந்த கிரெனடா 2005 ஜனவரியில் சீனாவை அங்கீகரித்தது, சீனா சுமார் 40 மில்லியன் டாலர் செலவில் மைதானத்தைக் கட்டிக் கொடுத்தது, தொழிலாளர்களும் சீனாவிலிருந்தே வந்தார்கள். 2007 பிப்ரவரியில் திறப்பு விழா. சீனத் தூதரும் கட்டிய தொழிலாளர்களும் உட்கார்ந்திருக்க, போலீஸ் பேண்டு வாத்தியம் சீனாவின் தேசிய கீதத்துக்குப் பதிலாகத் தைவானின் கீதத்தை வாசித்துவிட்டது. பிரதமர் மன்னிப்புக் கேட்டு விசாரணைக்கு உத்தரவிட்டார். பலரும் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல வருஷமாக ஒரு நாட்டைத்தான் நண்பன் என்று சொல்லி அதன் பாட்டைப் பழகிய கைகள் அவை, புயலில் வீடிழந்த ஊரில் இரண்டே வருஷத்தில் நண்பன் மாறிவிட்டான். தன் மைதானத்தின் திறப்பு விழாவில் ஒரு நாடு யாருடைய கீதத்தை வாசிக்க வேண்டும் என்று தடுமாறுகிற நிலை, நீங்கள் கேட்ட தேசிய அடையாளப் பிரச்சினை இருக்கிற இடம் அதுதான். ஜல்லியிலும் மணலிலும் இல்லை.

செயின்ட் லூசியாவையும் பாருங்கள். 1997-இல் சீனா பக்கம் போன நாடு, 2007 ஏப்ரல் 28-இல் உலகக் கோப்பை இறுதிப் போட்டி முடிந்த சில நாட்களிலேயே தைவானிடம் திரும்பியது. சீனா அங்கே வியூ ஃபோர்ட்டில் ஒரு தேசிய விளையாட்டரங்கம் கட்டியிருந்தது. 2009-இல் பக்கத்தில் இருந்த செயின்ட் ஜூட் மருத்துவமனை தீயில் எரிந்துபோக, நோயாளிகளை அந்த அரங்கத்துக்கு மாற்றினார்கள். தற்காலிகம் என்று தொடங்கி ஆண்டுக்கணக்கில் அது மருத்துவமனையாகவே இருந்தது. ஜமைக்காவின் ட்ரெலானியில் 2007 உலகக் கோப்பையின் தொடக்க விழா நடந்த அரங்கமும் சீன உதவிதான், பெரிய கிரிக்கெட் அங்கே தொடர்ந்து நடக்கவில்லை. கட்டுவது கொடுப்பவரின் வேலை, அதற்கு அப்புறம் 30 வருஷம் புல் வெட்டுவதும் தண்ணீர் விடுவதும் வாங்கிக்கொண்டவரின் வேலை. 1 லட்சம் பேர்கூட இல்லாத ஆன்டிகுவா போன்ற ஒரு நாட்டுக்கு இவ்வளவு பெரிய மைதானத்தைப் பராமரிப்பது என்ன சுமை என்று யோசித்துப் பாருங்கள்.

சீனாவை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நேர்மையாக இருக்காது, நம் நாடும் இதே வேலையைச் செய்திருக்கிறது. கயானாவின் ப்ராவிடன்ஸ் மைதானம் இந்திய அரசின் உதவியாலும் கடனாலும் எழுந்தது, கட்டியது ஷபூர்ஜி பலோன்ஜி என்ற இந்திய நிறுவனம். அங்கேயும் கடன் கொடுத்த நாட்டின் நிறுவனம்தான் வந்தது. அதற்கு முன்பு கயானாவின் டெஸ்ட் மைதானம் ஜார்ஜ்டவுனில் உள்ள போர்டா, கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பது, சுற்றிலும் வாய்க்கால். 1838 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வாரிசுகள் கயானாவில் பெரிய பங்கு, அதில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்களின் குடும்பங்களை இன்றும் மதராசிகள் என்கிறார்கள், மாரியம்மன் வழிபாடு அங்கே இருக்கிறது. ஆகவே இந்தியா கட்டிய மைதானம் அவர்களில் சிலருக்குச் சொந்தக்காரர் கட்டிக் கொடுத்ததாகத் தோன்றியிருக்கலாம், ஆப்பிரிக்க வம்சாவளிக் கயானியருக்கு அப்படித் தோன்ற வேண்டிய அவசியம் இல்லை. இது என் ஊகம். ஆனால் அந்த மைதானத்தை நாம் எப்படி நினைவு வைத்திருக்கிறோம்? 2007 மார்ச் 28, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இலங்கையின் மலிங்கா 4 பந்தில் 4 விக்கெட் எடுத்த இடம் என்றுதானே. யார் கட்டினார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு சிக்கல், வெஸ்ட் இண்டீஸ் என்பது ஒரு நாடே இல்லை. 1958-இல் ஒரு கூட்டாட்சி அமைத்துப் பார்த்தார்கள், 1962-இல் அது கலைந்தது. கிரிக்கெட் அணி மட்டும் கலையாமல் நின்றது. தனித்தனிக் கொடி, தனித்தனிக் கீதம், தனித்தனி வெளியுறவுக் கொள்கை உள்ள நாடுகள் சேர்ந்து ஒரே தொப்பியைப் போட்டுக்கொள்கின்றன. 2007-இல் 8 நாடுகள் சேர்ந்து உலகக் கோப்பையை நடத்தின, ஒன்று பெய்ஜிங்கிடமும் பக்கத்துத் தீவு தைபேயிடமும் இன்னொன்று டெல்லியிடமும் உதவி வாங்கியது. சேர்ந்தே ஒரு வடிகால் நிபுணரையோ மண் பரிசோதனைக்கூடத்தையோ வைத்திருந்தால் எல்லாத் தீவுக்கும் பயன்பட்டிருக்கும் என்று ஒரு தொழில்காரனாக எனக்குத் தோன்றுகிறது.

சரி, 'நம்முடையது' என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது? இதற்கும் ஆன்டிகுவாதான் பதில் சொல்கிறது. நார்த் சவுண்டில் ஆட்டம் நின்றதும் அதற்குப் பதிலாக இன்னொரு டெஸ்ட்டைத் தலைநகர் செயின்ட் ஜான்ஸில் இருக்கும் பழைய மைதானமான ஆன்டிகுவா ரிக்ரியேஷன் கிரவுண்டில் வைத்தார்கள். ஊருக்கு நடுவில் இருப்பது, பக்கத்திலேயே சிறைச்சாலை, பிட்ச் வேலைக்குக் கைதிகளே வருவது பல காலப் பழக்கம். பின்னாளில் ஆன்டிகுவாவின் முதல் டெஸ்ட் வீரரான ஆண்டி ராபர்ட்ஸே பிட்ச் பொறுப்பை எடுத்துக்கொண்டார். 1986-இல் விவியன் ரிச்சர்ட்ஸ் 56 பந்தில் சதம் அடித்ததும், பிரையன் லாரா 1994-இல் 375-ம் 2004-இல் ஆட்டமிழக்காமல் 400-ம் எடுத்ததும் அந்த மண்ணில்தான். 2006-க்கு அப்புறம் டெஸ்ட் நடக்காமல் கிடந்த அந்த இடத்தை இரண்டு நாளுக்குள் தயார் செய்து 15-ஆம் தேதி ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஐந்து நாளும் ஆடினார்கள், கடைசி ஜோடி கடைசிப் பந்து வரை நின்று டிரா செய்தது. பல வருஷமாக உருட்டி உருட்டி இறுகிய தரை, அதில் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தெரிந்த கைகள், இவை இல்லாமல் இரண்டு நாளில் அது முடியாது. எந்த நாட்டு நிபுணரைக் கொண்டுவந்தாலும் முடிந்திருக்காது.

புதிய மைதானங்களில் கூட்டம் குறைந்ததற்கு அவை அந்நியர் கட்டியவை என்பதே காரணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதை நான் முழுசாக ஏற்கவில்லை. 2007-இல் டிக்கெட் விலை உள்ளூர் மக்களுக்கு எட்டாமல் இருந்தது, மேளம், சங்கு, வீட்டுச் சாப்பாடு இவற்றுக்கெல்லாம் கெடுபிடி, மைதானமும் ஊருக்கு வெளியே. காரணங்கள் பல கலந்திருக்கின்றன, இதில் ஒப்பந்ததாரரின் நாடு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மேளத்தைத் தடுத்தது அதிகம் வலித்திருக்கும் என்பது என் எண்ணம்.

திறமையான வெளிநாட்டவரை வைத்தாலே போதுமா என்றால் அதுவும் இல்லை. 2024 டி20 உலகக் கோப்பைக்கு நியூயார்க்கில் தற்காலிக மைதானம் போட்டபோது அடிலெய்டு ஓவல் பிட்ச்களைப் பார்த்துக்கொள்ளும் டேமியன் ஹஃப் குழுவைத்தான் அழைத்தார்கள், உலகத்தில் இந்த வேலையில் அவர்களை மிஞ்ச ஆள் குறைவு. ஃப்ளோரிடாவில் தட்டுகளில் வளர்த்த பிட்ச்களை லாரியில் ஏற்றி நியூயார்க் கொண்டுவந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே இலங்கை 77-க்கு ஆல் அவுட். இந்தியா 119 அடித்தும் பாகிஸ்தானை ஜெயித்தது. பிட்ச்கள் எதிர்பார்த்தபடி சீராக இல்லை என்று ஐசிசியே ஒப்புக்கொண்டது. சில மாதத்தில் களிமண்ணுக்கு வயசு கூட்ட முடியாது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: மைதானத்தை யார் போடுகிறார் என்பதைவிட, போட்டுவிட்டுப் போனபின் யார் இருக்கப் போகிறார், அவர் கையில் என்ன கொடுக்கப்பட்டது என்பதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் ஊரிலோ கல்லூரியிலோ மைதானம் வருகிறது என்றால், தேசம், மாநிலம், ஜாதி எதையும் பார்க்காதீர்கள், டெண்டரைப் பாருங்கள். கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் தனித்தனி டெண்டர் கேளுங்கள், ஒரே பொட்டலமாகக் கொடுத்தால் காசு பூராவும் கேலரிக்குப் போய் மண்ணுக்கு மிச்சம்தான் வரும். மணலை லாரி இறக்கும் முன்பு, அதில் எந்த அளவுத் துகள் எவ்வளவு என்று சொல்லும் சல்லடைச் சோதனை அறிக்கை வாங்குங்கள். புல் நட்ட தேதிக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவில் எத்தனை வாரம் என்று எழுத்தில் போடச் சொல்லுங்கள், திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார் என்பதற்காக அதைக் குறைக்க விடாதீர்கள். ஒப்பந்ததாரரின் பொறுப்பு குறைந்தது இரண்டு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டி இருக்கட்டும், பணத்தில் ஒரு பங்கை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

இன்னொன்று, இதற்காக நான் ஒவ்வொரு இடத்திலும் சண்டை போடுகிறேன். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரைக் குழி தோண்டும் முதல் நாளிலேயே வேலைக்கு எடுங்கள். குழாய் எங்கே போகிறது, வால்வு எங்கே இருக்கிறது, எந்த மூலையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். வேலை முடிந்தது என்ற சான்றிதழில் இன்ஜினியர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும், அவர் போடாமல் கடைசிப் பில் போகக்கூடாது. போன வருஷம் ஒரு இடத்தில் இதை ஒப்புக்கொள்ள வைத்தேன். அந்த மைதானக்காரர் கத்தியால் மூன்று இடத்தில் வெட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு, கிழக்கு ஓரத்தில் வேர் இன்னும் பிடிக்கவில்லை, ஆறு வாரம் கழித்து வாங்க என்று ஒப்பந்ததாரரைத் திருப்பி அனுப்பினார். ஆறு வாரம் கழித்து மறுபடி வெட்டிப் பார்த்தபிறகுதான் கையெழுத்துப் போட்டார்.